ரிச்சி தெருவில் வாங்கி மதுரையில் பூட்டிய கணினி: நான்கு ஆண்டு அனுபவம்

2021 டிசம்பரில் பாகம் பாகமாக வாங்கி வந்து, நானும் அப்பாவும் வீட்டிலேயே பூட்டிய மேசைக் கணினி இது. அதற்கு முன் ஒரு கணினியின் மூடியைக்கூட நான் கழற்றியதில்லை. என் தொழில் புத்தகப் பக்க வடிவமைப்பு. அவ்வப்போது பதிப்பகங்களுக்குச் சிறு காணொளிகளும் செய்து கொடுப்பேன். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஒன்பது பத்து மணி நேரம் ஓடுகிறது. வாங்கிய மாதமே எழுதியிருந்தால் ப்ராசஸர் வேகத்தைப் பற்றித்தான் நாலு பக்கம் எழுதியிருப்பேன். நான்கு ஆண்டு கழித்து உட்கார்ந்தால் கரண்ட், எர்த்து, தூசி என்றுதான் முதலில் வருகிறது. அதுவே இந்த அனுபவத்தின் உண்மை என்று நினைக்கிறேன்.

உள்ளூரில் விலை கேட்காமல் இல்லை. 50,000 ரூபாய்க்குப் பூட்டித் தருவதாகச் சொன்ன கடையில் ஒரே ஒரு 8 ஜிபி ராம், பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன். முப்பது வருஷம் வயர்மேனாக இருந்தவர். ராம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எஸ்எம்பிஎஸ் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "கரண்ட்ட வாங்கிப் பிரிச்சுக் குடுக்கிறதே இதுதானம்மா? இதுல போயி யாராச்சும் மிச்சம் புடிப்பாகளா?" என்றார். அந்த வாரமே இருவரும் இரவு பாண்டியன் ரயிலில், கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்காகச் சென்னைக்கு ஏறினோம்.

அந்த ஆண்டு, திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டின் விலை வானத்தில் இருந்தது. சிப் தட்டுப்பாடு ஒருபக்கம், கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போனது ஒருபக்கம். அதனால் கிராஃபிக்ஸ் உள்ளேயே அமைந்த ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் எடுத்தேன்: ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட். அது 21,500. எல்லாப் பாகங்களையும் பொருத்தும் பி550 சிப்செட் மதர்போர்டு 10,200, இரண்டு 8 ஜிபி ராம் 5,800, கோப்புகளைச் சேமிக்கும் 500 ஜிபி எஸ்எஸ்டி 4,600, 550 வாட் 'ப்ரான்ஸ்' (வெண்கல) தர எஸ்எம்பிஎஸ் 4,700, முன்பக்கம் வலை வைத்த கேபினெட் 4,100. ஆக 50,900. 24 அங்குல மானிட்டர் தனி.

ஒரு கடையில் ஜென் 4 எஸ்எஸ்டியைக் கையில் கொடுத்து, "மேடம், இத போடுங்க, சும்மா பறக்கும்" என்றார்கள். மதர்போர்டு அதற்கு ஏற்றதுதான். ஆனால் 5600ஜி, எஸ்எஸ்டியை இணைக்கும் பிசிஐஇ பாதையில் 3.0, அதாவது ஜென் 3 வேகத்துக்கு மேல் போகாது என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். கூடுதல் பணம் கொடுத்தாலும் ஜென் 3 வேகம்தான் கிடைத்திருக்கும். அந்த மிச்சம் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போனது.

பூட்டிய நாளை மறக்க முடியாது. ப்ராசஸரின் மூலையில் ஒரு சின்னத் தங்க முக்கோணம் இருக்கும். அதை மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் அழுத்தாமலே உட்காரும். ப்ராசஸரைக் குளிர்விக்க அதன் கூடவே வந்த கூலரை மாட்ட, மதர்போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளை முதலில் கழற்ற வேண்டும். கழற்றினால் பின்பக்கத் தகடு பிடிப்பில்லாமல் விழுந்துவிடும். அப்பா அதை அடியிலிருந்து தாங்கிப் பிடிக்க, நான் நான்கு திருகுகளையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். ஒருவரே செய்யலாம், ஆனால் இன்னொரு ஜோடிக் கை இருந்தால் நிம்மதி.

பட்டனைத் தட்டினோம். விசிறிகள் சுற்றின, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. ராமைக் கழற்றி இரண்டாவது, நான்காவது துளைகளில் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். அப்போதும் கறுப்புதான். ஒரு மணி நேரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. பி550 போர்டுகள் 2020-லேயே வந்துவிட்டவை, 5600ஜி கடைக்கு வந்தது 2021 ஆகஸ்டில். பெட்டிக்குள் இருந்த போர்டு அதற்கு முன்னால் தயாரானது, அதன் பயாஸுக்கு, அதாவது கணினியை எழுப்பும் போர்டின் அடிப்படை மென்பொருளுக்கு, இந்த ப்ராசஸரைத் தெரியாது. நல்லவேளை, எங்கள் போர்டில், பென்டிரைவிலிருந்தே பயாஸைப் புதுப்பிக்கும் பயாஸ் ஃபிளாஷ்பேக் வசதி இருந்தது. புதிய பயாஸ் கோப்பைப் பழைய மடிக்கணினியில் இறக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு, அவர்கள் சொன்ன பெயருக்கு மாற்றி, பின்னால் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தேன். விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அந்த ஏழெட்டு நிமிஷத்தில் கரண்ட் போய்விடக் கூடாதே என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். விளக்கு அணைந்ததும் மறுபடி தட்டினோம், படம் வந்தது. புதிய போர்டு வாங்குகிற யாருக்கும் இதைச் சொல்வேன்: ப்ராசஸரைவிடப் பழைய போர்டு என்றால், ஃபிளாஷ்பேக் இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, ஏழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. 3200 வேகம் என்று வாங்கிய ராம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் நாமேதான் இயக்க வேண்டும். கிராஃபிக்ஸும் அதே ராமைப் பகிர்ந்துகொள்கிற 5600ஜியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

இனி கரண்ட் கதை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் தனி யூபிஎஸ் வாங்கவில்லை. முதல் மாதமே தொல்லை ஆரம்பித்தது. கரண்ட் போகும்போது சில நேரம் கணினி அணைந்து மறுபடி எழும், சில நேரம் ஒன்றும் ஆகாது. ராம் கோளாறோ என்று ஓர் இரவு முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. பிறகு ஒரு நோட்டில் நேரம் குறித்து வைத்தேன். பக்கம் வடிவமைக்கும்போது கரண்ட் போனால் தாங்குகிறது, முடித்த காணொளியைக் கோப்பாக்கும் எக்ஸ்போர்ட் ஓடும்போது போனால் விழுகிறது. மின்சாரம் அறுந்த பிறகு எஸ்எம்பிஎஸ் தன்னிடம் தேங்கியதை வைத்து, முழுச் சுமையில் சுமார் 16 மில்லிநொடிதான் தாக்குப்பிடிக்கும். சுமை குறைந்தால் இன்னும் கொஞ்ச நேரம். எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் எடுத்தது.

நோட்டைப் பார்த்த அப்பா இன்வெர்ட்டரைத் திருப்பிப் பின்னால் இருந்த சின்ன சுவிட்சைக் காட்டினார். ஒரு பக்கம் சாதாரணம், மறுபக்கம் யூபிஎஸ், அதாவது பேட்டரிக்குச் சட்டென்று மாறும் நிலை. தள்ளியதும் தொல்லை நின்றது. ஆனால் மே மாதம் வேறு பிரச்சினை. யூபிஎஸ் நிலையில் இன்வெர்ட்டர் 180 வோல்ட்டுக்குக் கீழே வருகிற மின்சாரத்தை ஏற்காது. சாயங்காலம் தெருவில் எல்லோரும் ஏசி போட்டதும் எங்கள் வீட்டில் 172, 175 என்று இறங்கும். கரண்ட் இருக்கும்போதே பேட்டரி ஓடி, இரவு உண்மையில் கரண்ட் போனபோது விசிறிக்குக்கூட மிச்சமில்லை. ஜூனில் இன்வெர்ட்டரைப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டு, கணினிக்கென்று 1000 விஏ லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் வாங்கினோம், 6,000 ரூபாய். அதில் ஏவிஆர் உண்டு. வோல்டேஜ் இறங்கினால் பேட்டரியைத் தொடாமல் அதுவே ஏற்றிக் கொடுக்கும். அதன்பின் இன்றுவரை ஒருமுறைகூடக் கணினி தானாக விழுந்ததில்லை. உள்ளே இருந்த இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை 2025 மார்ச்சில் மாற்றினோம்.

எர்த்து விஷயம் இதைவிட முக்கியம். வெறுங்காலோடு கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறும். எஸ்எம்பிஎஸ்ஸில் பழுது என்று நினைத்துக் கழற்றத் தயாரானேன். அப்பா டெஸ்டரை வைத்தார், எரிந்தது. மீட்டரில் 110 வோல்ட் சொச்சம் காட்டியது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் மின்னிரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த்து அறுந்திருந்தால் கேபினெட் உடம்பு வீட்டு மின்சாரத்தில் பாதி வோல்டேஜில் தொங்கும். பாய்வது மிகச் சிறிய மின்னோட்டம்தான், ஆனால் பாதுகாப்புக்கான பாதையே வீட்டில் இல்லை என்பதற்கு அது அடையாளம். கொல்லைப்புறத்தில் எர்த்து பைப்பின் கிளாம்ப் துருப்பிடித்துக் கம்பி அறுந்து கிடந்தது. எத்தனை வருஷமாகவோ. அப்பா புதுச் செம்புக் கம்பி இழுத்து, குழியில் கரியும் உப்பும் போட்டு மூடினார். வாஷிங் மெஷினும் கிரைண்டரும் அதுவரை அதே எர்த்தை நம்பித்தான் ஓடின என்பதை நினைத்தால் இன்றும் பதறுகிறது. மூன்று பின் பிளக் இருப்பதாலேயே எர்த்து இருக்கிறது என்று யாரும் நம்பிவிட வேண்டாம். கணினி வாங்கும் வாரத்திலேயே ஒரு வயர்மேனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மதுரை வெயிலிலும் தூசியிலும் கூலர் இரண்டு வருஷம் தாங்கியது. 2024 மே மாதம் எக்ஸ்போர்ட் ஓடும்போது 92, 93 டிகிரி காட்டியது. இந்த ப்ராசஸரின் எல்லை 95. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தத் தடவும் பேஸ்ட்டை மாற்றலாம் என்று கூலரை நேராக மேலே இழுத்தேன். காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு, சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஏஎம்4 என்ற சாக்கெட் வகைக்கான இந்த ப்ராசஸரில் அடியில் 1,331 பின்கள், அவற்றில் ஓரத்தில் நான்கு வளைந்திருந்தன. கை நடுங்கியது. குச்சி எடுத்துவிட்ட 0.5 மைக்ரோ பென்சிலின் முனைக்குள் ஒவ்வொரு பின்னாக நுழைத்து, முக்கால் மணி நேரத்தில் நிமிர்த்தினேன். ஓடியது. அணைக்கும் முன் பத்து நிமிஷம் கணினியைச் சூடாக ஓட்டி, பிறகு கூலரை இடவலமாக மெல்லத் திருகிப் பிடிப்பு விட்டதும் தூக்குவதே சரியான முறை. பேஸ்ட் மாற்றிய பிறகு 81 டிகிரியைத் தாண்டவில்லை. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு முன்பக்க வலையைக் கழற்றிக் கழுவுகிறேன்.

2023-இல் கிராஃபிக்ஸ் கார்டு விலை இறங்கியதும் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கினேன், 26,500. அது 170 வாட் கார்டு, தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் எஸ்எம்பிஎஸ் சரியாக 550 வாட். அன்று அப்பா சொல்லைக் கேட்டதால் வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பத்து நிமிஷக் காணொளிக்கு 25 நிமிஷம் பிடித்த எக்ஸ்போர்ட் ஆறு நிமிஷமானது. அதே ஆண்டு இன்னும் 16 ஜிபி ராமும் சேர்த்தேன். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தபோது, அது நல்ல நேரத்தில் வாங்கியது என்று பட்டது.

அதே 5600ஜிதான் இன்னும் இருக்கிறது. 640 பக்க நூலை பிடிஎஃப் ஆக்க மூன்று நிமிஷம், அது எனக்குப் போதும். 2024-இல் வந்த 5700எக்ஸ்3டி ப்ராசஸரையும் பயாஸைப் புதுப்பித்து இதே சாக்கெட்டில் மாட்டலாம், ஆனால் அது விளையாடுகிறவர்களுக்கே அதிகம் பயன்படும். இப்போதைக்கு வாங்க வேண்டியது ஒன்றுதான்: முன்பக்க 120 மில்லிமீட்டர் விசிறிகளில் கீழே உள்ளது காலையில் போட்டதும் கொஞ்ச நேரம் கரகரக்கிறது.