ஸ்ரார்லெட் கேபி61: வன்னியில் ஓடும் காரும் வளவில் நிற்கும் பாட்ஸ் காரும்

பின்சில்லு ட்ரைவ் உள்ள பழைய சின்னக் கார் ஒன்றை எடுத்துத் திருத்தி ஓட ஆசைப்படும் பொடியள் என்னிடம் கேட்பது, "எந்தக் கார் நல்லம் அண்ணை?" என்றுதான். கிளிநொச்சியில் 2018 முதல் ரொயோட்டா ஸ்ரார்லெட் கேபி61 ஒன்றை ஓடுகிறேன். அதற்குப் பாட்ஸ் கொடுத்தபடி ஒரு ரொயோட்டா கரோலா டிஎக்ஸ் வேகன் வளவுக்குள் நிற்கிறது. இத்தனை வருட ஓட்டத்தில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று: பாட்ஸுக்கு எந்தக் கார் கிடைக்கும் என்பதை முதலில் பாருங்கள். ஓடப்போகிற கார் எது என்பதை அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.

வன்னியில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. எங்கள் சனத்தின் வாகனங்களில் எத்தனையோ 2009 இல் முல்லைத்தீவுக் கரையோடு போய்விட்டன. எரிந்தும் துருப்பிடித்தும் அவை குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் போல, அப்பப்பாவின் கார் கொட்டிலுக்குள் மூடிக்கிடக்கும் வாய்ப்பு இங்கே குறைவு. கார் வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ தெற்கிலிருந்தோ ஏ9 வழியாகத்தான் வர வேண்டும். சாமானும் அப்படித்தான். பழைய பாட்ஸ் கடைகள் உள்ள கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு ஆளைப் பிடித்து, படம் அனுப்பி, காசு போட்டு, இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி, விடியப்புறம் வீதியில் காத்து நின்று எடுக்க வேண்டும். வந்தது பொருந்தாவிட்டால் திரும்பவும் அதே அலைச்சல். வளவில் ஒரு பாட்ஸ் கார் நின்றால் கழற்றிய சாமான் இரண்டையும் நிலத்தில் வைத்து, ஓட்டைக்கு ஓட்டை அளந்து பார்த்துவிட்டுப் பூட்டலாம்.

நான் தேடியபோது கண்ணில் பட்டவற்றில் நிசான் சனி பி310 மனதுக்குப் பிடித்தது. அதன் ஏ12 எஞ்சின் 1171 சிசி, சுறுசுறுப்பானது, கராஜ்காரருக்கும் பழக்கமானது. ஆனால் கிளிநொச்சி, பரந்தன், விசுவமடு என்று சுற்றிப் பார்த்ததில் கைக்கெட்டிய தூரத்தில் கிடந்தவை எல்லாம் ரொயோட்டாவின் கே வகை எஞ்சின்கள். பழைய கரோலா, டிஎக்ஸ் வேகன், லைற்ஏஸ் வான் என்று எதைத் திறந்தாலும் அதே குடும்பம். 3கே 1166 சிசி, 4கே 1290, 5கே 1486. 4கேக்கும் 5கேக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம், ஒன்றேதான், 73 மில்லிமீற்றர். சிலிண்டரின் அகலம் (போர்) மட்டும் 75 இலிருந்து 80.5 ஆகிறது. மூன்றுக்கும் புஷ்றொட், ரைமிங் செயின். பெல்ற் அறுமோ என்ற பயம் இல்லை. கியர்பொக்ஸ் பூட்டும் முகமும் ஒன்று. இதைப் பார்த்த பிறகுதான் ஸ்ரார்லெட் என்று முடிவெடுத்தேன்.

ஸ்ரார்லெட் என்று சொல்லி விற்கிறதெல்லாம் பின்சில்லு ட்ரைவ் அல்ல. 1978 இல் வந்து 1984 இல் நின்றுபோன கேபி61 தலைமுறையோடு அது முடிந்துவிட்டது. அடுத்து வந்த ஸ்ரார்லெட் முன்சில்லு ட்ரைவ். போனில் விலை பேசும்போதே போனெற்றைத் திறந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். எஞ்சின் நீட்டுவாக்கில் இருக்க வேண்டும். அப்படி இருப்பதால்தான் இந்தக் காரில் வேலை செய்ய எனக்கு விருப்பம். இரண்டு பக்கமும் கைபோக இடம் உண்டு. கிளச் பிளேட் மாற்ற, பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ற்றைக் கழற்றி, கியர்பொக்ஸைக் கீழே இறக்கினால் போதும். முன்சில்லு ட்ரைவ் கார்களில் கிரவல் ரோட்டில் கிழிந்து மண் ஏறும் சிவி ஜொயின்ற் பூட் (அச்சு மூட்டை மூடும் ரப்பர் உறை) என்ற தலையிடியே கிடையாது.

பரந்தனில் எனக்குக் கார் பார்க்கச் சொல்லித் தந்த மெக்கானிக் அண்ணை எஞ்சினை ஸ்ராட் பண்ணவே விடமாட்டார். "எஞ்சின் கிடக்கட்டும் தம்பி, முதல் காப்பெற்றைத் தூக்கு" என்பார். காப்பெற்றைத் தூக்கி, சாரதியின் கால்படும் மூலையில் ஸ்க்ரூ ட்ரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகரம் கிண்ணென்று சத்தம் போடும். புட்டி பூசி மூடிய இடம் ஊமையாக இருக்கும். பிறகு ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைப் பழந்துணியில் சுற்றி, பின்சில்லுக்கு மேலுள்ள வளைவிலும் கதவுக்குக் கீழ்ப் படியிலும் வைத்து இழுப்பார். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே தகரம் இல்லை. முன் ஸ்ட்ரட் மேலே பூட்டும் இடம், பற்றறித் தட்டின் அடி, முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், பின்கதவின் விளிம்பு எல்லாவற்றையும் அதேபோல் பார்ப்பார். எல்லாவற்றையும் விட முக்கியம், பின் அச்சைப் பிடித்திருக்கும் நான்கு லிங்க்குகள் உடம்பில் சேரும் இடம். அங்கே துரு தின்றிருந்தால் அந்தக் கார் பாட்ஸுக்கு மட்டும்தான். முல்லைத்தீவு, அலம்பில் பக்கம் கடற்கரையோடு நின்ற காரென்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். உப்புக்காற்று தகரத்தை உள்ளிருந்து தின்னும்.

எஞ்சினைக் கடைசியில் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், அது மாற்றக்கூடியது. எங்கள் பக்கத்தில் 90களில் ஓடிய வாகனங்களுக்கென்று ஒரு சரித்திரமும் உண்டு. பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோலைக் கண்ணில் காட்டி ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் சனத்தைச் சுமந்தது அப்படித்தான். அந்தக் கார்களையும் அவற்றை ஓட வைத்த மெக்கானிக்மாரையும் நான் பெரிய மரியாதையோடு நினைக்கிறேன். ஆனால் முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிவிடும், எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தட்டான சம்ப்புக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். அப்படித் தேய்ந்த பிளொக்குகள் பல பிறகு போர் அடிக்கப்பட்டவை, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியவை. எஞ்சின் தலையைக் கழற்றினால், எத்தனை மில்லிமீற்றர் பெரிதாக்கியது என்று பிஸ்ரன் மேல் 0.50 என்றோ 1.00 என்றோ அடித்திருக்கும். 1.00 என்று கண்டால் அந்தப் பிளொக்கில் இனி அதிகம் எடுக்க இடமில்லை என்று கணக்குப் போடுங்கள்.

இரண்டு காரும் கைக்கு வந்த பிறகு எதை ஓடுவது, எதைக் கழற்றுவது என்பதை அழகு பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பதிவுப் புத்தகம் ஒழுங்காக, எஞ்சின் நம்பரும் செசி நம்பரும் அதிலுள்ளபடியே இருக்கிற கார்தான் ஓடும் கார். இடப்பெயர்வில் புத்தகத்தைத் தொலைத்தவர்கள் இங்கே அதிகம், விற்றவர் பேரிலிருந்து மாற்றாமல் மூன்று நான்கு கை கடந்த கார்களும் அதிகம். அப்படியான கார் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அதில் காசைக் கொட்ட வேண்டாம். செசி நம்பர் உள்ள தகரத்தை ஒன்றிலிருந்து வெட்டி மற்றதில் ஒட்டித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கிட்டவும் போகாதீர்கள், அது குற்றம். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புது நம்பரைப் பதிய வேண்டும். பாட்ஸ் காரை வாங்கும்போதும் விற்கிறவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் எடுத்து வையுங்கள்.

என் வேகனிலிருந்து ஸ்ரார்லெட்டுக்குப் போனவை கார்பரேற்றர், டிஸ்ரிபியூட்டர், வோட்டர் பம்ப், ஸ்ராட்டர் மோட்டர், ஒல்ரனேற்றர், கிளச் கவர். எல்லாம் மறுபேச்சின்றி உட்கார்ந்தன. உட்காராதவற்றைத்தான் கட்டாயம் சொல்ல வேண்டும். கரோலாவின் சக்கர இடைவெளி 2400 மில்லிமீற்றர், ஸ்ரார்லெட்டினது 2300. ஆகவே அதன் ஷாஃப்ற்றை அப்படியே எடுத்துப் பூட்ட நினைக்க வேண்டாம். வெட்டி ஒட்டுவதானால் பலன்ஸ் பண்ணத் தெரிந்த லேத்தில் மட்டும் கொடுங்கள். பின் அச்சும் வேறு. வேகனுக்குப் பின்னால் இலைவில்லு, ஸ்ரார்லெட்டுக்குச் சுருள்வில்லும் லிங்க்குகளும். அச்சுக்காகவே பாட்ஸ் கார் தேடுகிறவர் வேகனை விட்டுவிட்டு இன்னொரு கேபி61 தேடுவதுதான் சரி.

ஓட்டத்தில் இந்தக் காருக்கு எங்கள் மண்ணில் முதல் எதிரி கிணற்றுத் தண்ணீர். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு றேடியேற்றரின் குழாய்களையும் அடைக்கும். கே எஞ்சினின் பிளொக் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் தலை வளைந்து கஸ்கற் போய்விடும். கூலன்ற் வாங்க வசதியில்லாதவர் மாரியில் கூரைத் தண்ணீரையாவது பிடித்து வைத்து ஊற்றுங்கள். புழுதிக்கு எயார் ஃபில்ரர். வால்வ் இடைவெளியை எஞ்சின் சூட்டோடு உள்ளெடுப்புக்கு 0.20, வெளிப்போக்குக்கு 0.30 மில்லிமீற்றர் வைக்கிறேன். தட்டும் சத்தம் அடங்கி, ஐட்லிங் பஞ்சாக நிற்கும்.

மாரியில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி பக்க மண்ரோட்டில் பின்பக்கம் பாரமில்லாமல் போனால் வால் லேசாக விலகும். அதை உணர்ந்து காலைத் தூக்கிப் பழகினால் பயமில்லை. இரண்டு மூடை நெல் ஏற்றினால் இன்னும் நல்லாக நிற்கும். ஏ9 இல் 70, 80 வேகத்தில் எனக்கு லீற்றருக்கு 13 கிலோமீற்றர் அளவில் தருகிறது. 2022 இல் பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்து கார்களுக்கு வாரம் 20 லீற்றர் என்றானபோது, வவுனியா ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிப்போய் வந்தும் மிச்சம் இருந்தது. அந்த நாட்களில் இந்தக் காரை நான் நேசித்ததை வேறு எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை ஏறியது, பாட்ஸுக்கென்று போன கார்களையும் திருத்தி விற்கத் தொடங்கினார்கள். அதனால் நல்ல வேகன் ஒன்று மலிவாகத் தென்பட்டால், ஸ்ரார்லெட் இன்னும் கிடைக்காவிட்டாலும் அதை எடுத்துப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். வளவில் இடமும் மேலே மூட நாலு தகரமும் இருந்தால் போதும்.

எனக்கு இன்னும் தேவைப்படுவது முன்கண்ணாடி ரப்பர், பின்கதவு ரப்பர். வேகனினது பொருந்தாது, கிடைக்கும் பழையவை வெயிலில் வெடித்தவை. 5கே எஞ்சின் ஒன்று மாங்குளத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். லைற்ஏஸில் இருந்து இறக்கியது என்பதால் அதன் சம்ப்பைக் கழற்றி என் ஸ்ரார்லெட்டில் உள்ள 4கேயினதைப் போட வேண்டியிருக்கும். அதற்கு முதல் பிரேக்கின் முன் டிஸ்க்கையும் பின் ட்ரம்மையும் மாஸ்ரர் சிலிண்டரோடு சேர்த்துப் புதிதாக்குகிறேன். பிரேக் வேலை முடியாமல் எஞ்சினை இறக்குவதில்லை என்று பரந்தன் அண்ணையும் சொல்லிவிட்டார்.