மூன்று சிஸ்டம், ஒரு பிரிண்டர்: யூஎஸ்பியா, வைஃபையா, லேன் கேபிளா?

ஜூன் மாதம் தருமபுரி பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் மூச்சுவிட நேரம் இருக்காது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா நகல் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் திரையில் 'பிரிண்டர் ஆஃப்லைன்' என்று வந்தால், பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு அரை நாள் வீண். அதனால் கரண்ட் போய் வந்த பிறகு யாரும் தொடாமலே எது வேலைக்குத் திரும்புகிறது என்பதை வைத்துத்தான் இந்த மூன்றையும் எடைபோடுகிறேன்.

கடையில் ஒரே சிஸ்டம் என்றால் யூஎஸ்பி போதும், வேறு யோசனையே வேண்டாம். அதை மற்ற சிஸ்டங்களுக்கு ஷேர் செய்யும்போதுதான் தொல்லை. பிரிண்டர் மாட்டிய சிஸ்டம் அணைந்தாலோ தூங்கிப்போனாலோ எல்லோருக்கும் பிரிண்ட் நின்றுவிடும். 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, ஷேர் செய்த பிரிண்டர்கள் பல இடங்களில் 0x0000011b என்ற பிழையோடு நின்றுபோயின. நிரந்தர ஏற்பாடாக இதை நான் சொல்லமாட்டேன்.

வைஃபையில் சுவரைத் துளைக்க வேண்டாம், பிரிண்டரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், செல்போனிலிருந்தும் பிரிண்ட் எடுக்கலாம். வீட்டுக்கும் சின்ன கிளினிக்குக்கும் இதுவே சரி. ஆனால் விலை குறைந்த பிரிண்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஆன் செய்திருந்தால், பிரிண்டர் எவ்வளவு தேடினாலும் அந்த வைஃபை பெயர் அதற்குத் தெரியாது. கடைவீதியில் பக்கத்துக்குப் பக்கம் ரவுட்டர் இருப்பதால் 2.4-இல் நெரிசலும் அதிகம். இன்னொன்று, வாடிக்கையாளர்களுக்குக் கடை வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் தனியாகப் போட்டுக் கொடுங்கள். மற்றவர்களின் ஆதார் நகல்கள் கிடக்கும் சிஸ்டங்களும் அதே நெட்வொர்க்கில்தானே இருக்கின்றன!

மூன்று நான்கு சிஸ்டம் உள்ள கடைக்கு என் ஓட்டு, ரவுட்டரையும் பிரிண்டரையும் இணைக்கும் லேன் கேபிளுக்குத்தான். ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை போகும், சுவரும் பக்கத்துக் கடை ரவுட்டரும் அதை ஒன்றும் செய்யாது. எல்லா மாடலிலும் லேன் போர்ட் இருக்காது, வாங்கும்போதே பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கேபிள் போட்டும் 'ஆஃப்லைன்' வருகிறது என்றால், பெரும்பாலும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் பிரிண்டரைக் கண்டுபிடிக்க உதவும் எண்) மாறியிருக்கும். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு முகவரி கொடுத்துவிடும், சிஸ்டங்களோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டர் அமைப்பில் பிரிண்டரின் மேக் எண்ணுக்கு (கருவியோடு வரும் அடையாள எண்) ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டு, விண்டோஸில் 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' வழியாக அதே முகவரியைக் கொடுத்துப் பிரிண்டரைச் சேர்த்தால் இந்தத் தலைவலி போய்விடும். வைஃபையிலேயே இருப்பவர்களும் இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

இனி சரிபார்ப்பது. முதலில் பிரிண்டரிலிருந்தே நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிடுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை, கேபிளையோ பாஸ்வேர்டையோ பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் சரி. அப்புறம் ஒவ்வொரு சிஸ்டத்திலிருந்தும் அந்த முகவரிக்கு பிங் கொடுங்கள், அதாவது கமாண்ட் பிராம்ப்ட்டில் ping என்று அடித்து, பக்கத்தில் முகவரியைக் கொடுத்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' (அந்த முகவரியை எட்ட முடியவில்லை) என்று வந்தால், அது உங்கள் சிஸ்டமே தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பதில். அதையும் பதிலாக எண்ணி, இழப்பு 0% என்று விண்டோஸ் கீழே காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். பதில் வரும் வரியில் பிரிண்டரின் முகவரியே இருக்க வேண்டும். பிங் சரியாக வந்தும் பிரிண்ட் வரவில்லை என்றால் டிரைவரையும் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) விண்டோஸில் கொடுத்த போர்ட்டையும் பாருங்கள்.

டெஸ்ட் பேஜ் வந்ததும் வேலை முடிந்ததென்று கிளம்பக் கூடாது. மெயின் ஸ்விட்சை அணைத்து, சில நிமிடம் விட்டுப் போடுங்கள். ரவுட்டரும் பிரிண்டரும் தாமாக எழுந்த பிறகு, எதையும் தொடாமல் எல்லா சிஸ்டத்திலிருந்தும் ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். வந்துவிட்டால், அந்த ஐபி முகவரியை ஒரு தாளில் எழுதி பிரிண்டர் பக்கவாட்டிலேயே ஒட்டிவிடுங்கள். நீங்கள் இல்லாத நாளில் கடையைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு அது உதவும்.