தரகர் வழியாக நேரோபோட் மாற்றுகிறீர்களா? சர்வே அறிக்கையின் பக்கங்களை எண்ணிப் பாருங்கள்

இங்கிலாந்துக் கால்வாய்களில் வைத்திருக்கும் நேரோபோட்டை (ஒடுக்கமான எஃகுப் படகு) கொடுத்துவிட்டு வேறொன்று வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லேண்ட்ஸில், படகுகளைக் கட்டி நிறுத்தும் மரினா ஒன்றை ஒட்டித் தொழில் நடத்தும் படகுத் தரகரிடம் நாங்கள் பட்ட பாடு இது. புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன், மன்னிக்கவும்.

எங்கள் பழைய படகு 45 அடி. வாரக்கடைசிக்கு அது தாராளம். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கோடை முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கலாம் என்று மனைவியும் நானும் முடிவு செய்தோம். அப்போதுதான் இடம் போதாது என்று தெரிந்தது. தினமும் மடித்து விரிக்காத கட்டில் வேண்டும், ஈரத்துணி காய இடம் வேண்டும், தண்ணீர்த் தொட்டி பெரிதாக வேண்டும். நீளத்தைப் பற்றி எங்களுக்குள் விவாதமே இல்லை: 57 அடி. மிட்லேண்ட்ஸின் குறுகிய லாக்குகளில் (படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள்) 70 அடிப் படகே நுழையும், அகலம்தான் 7 அடி. வடக்கே போனால் கதை வேறு. கால்டர் அண்ட் ஹெப்பிள் கால்வாயிலும் ஹடர்ஸ்ஃபீல்டு ப்ராட் கால்வாயிலும் லாக்குகள் சுமார் 57 அடிதான். அதைத் தாண்டிய படகுகளைச் சிலர் அகல லாக்கில் குறுக்காகச் சாய்த்து நுழைக்கிறார்கள். அந்த வித்தை எனக்கு வேண்டாம். ஸ்டான்டெட்ஜ் சுரங்கத்தின் 5 கிலோமீட்டர் இருட்டைக் கடந்து ஹடர்ஸ்ஃபீல்டு வரை போய், அடுத்த லாக்கில் நுழைய முடியாமல் அங்கிருந்து திரும்பி வர வேண்டியதாகிவிடக் கூடாது.

நாங்கள் கண்ட விளம்பரத்தில் எல்லாம் பொருந்தியது. 57 அடி, செமி-ட்ராட் (பக்கச்சுவர் உள்ள, மேலே திறந்த) பின்தளம், 2004, எஃகு 10/6/4, சமீபத்தில் பிளாக்கிங் (அடிப்பகுதிக்குத் துருத்தடுப்புத் தார்ப்பூச்சு) செய்தது, சர்வே அறிக்கை (படகின் நிலையை நிபுணர் சோதித்து எழுதுவது) கைவசம் உண்டு. இந்த 10/6/4 என்பது அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத் தகடு 6, கேபின் 4 என்ற கணக்கு. இது புதிதாகக் கட்டியபோது இருந்த தடிமன், இன்றைய தடிமன் அல்ல. விளம்பரங்கள் இதை ஒருபோதும் சொல்வதில்லை.

பார்க்கப் போனோம். உள்ளே ஓக் மரவேலை, நல்ல விறகடுப்பு, சமையலறை எங்கள் வீட்டில் இருப்பதைவிட அழகு. மனைவிக்குப் பிடித்துவிட்டது, எனக்கும்தான். ஆனால் இஞ்சின் மூடியைத் திறந்தபோது இஞ்சின் சூடாக இருந்தது. "காலையில் ஒரு வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்டினோம்" என்றார் தரகர். இருக்கலாம். ஆனால் குளிர்ந்த இஞ்சினைக் கண்ணெதிரே கிளப்பினால்தான் எவ்வளவு சிரமப்பட்டுக் கிளம்புகிறது, என்ன நிறத்தில் புகை வருகிறது, எத்தனை நேரம் வருகிறது என்றெல்லாம் தெரியும். நீலப்புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. இன்னொரு நாள் காலையில், தொடாமல் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் இரண்டாம் முறை போனோம். அன்றும் சூடாகவே இருந்தது!

ஹல்லின் (படகின் எஃகு உடற்கூடு) பின்பக்க எண்ணையும் பார்த்தேன். 1998 ஜூனிலிருந்து ஐரோப்பியச் சட்டப்படி இப்படிப்பட்ட படகுகளுக்கு 14 எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாள எண் இருக்க வேண்டும் என்றிருந்தது. கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. இதில் 01 என்று இருந்தது. விளம்பரத்திலோ 2004. கேட்டால், வெறும் எஃகுக்கூடு 2001-இல் கட்டியது, உள்வேலை முடிந்தது 2004-இல் என்றார். அப்படி நடப்பது உண்டு, பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் எஃகுக்கு வயது ஏறுவது தண்ணீரில் இறங்கிய நாளிலிருந்து. காப்பீட்டு நிறுவனங்கள் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய படகுக்கு ஹல் சர்வே கேட்கும்போது இந்த மூன்று ஆண்டு கணக்கில் வரும்.

இந்த இடத்தில் தரகர் இரண்டு வலை விரித்தார்.

முதலாவது சர்வே அறிக்கை. ஒன்றரை வருடத்துக்கு முன் எடுத்தது, மின்னஞ்சலில் அனுப்பினார். "இது இருக்கும்போது நீங்கள் ஏன் திரும்பச் செலவு செய்ய வேண்டும்? இன்னொருவர் சனிக்கிழமை வருகிறார்." அடிப்பகுதியைப் பார்க்க ட்ரைடாக் (தண்ணீரை வடித்துவிடும் தொட்டி) வாடகை, சர்வேயர் கட்டணம் எல்லாம் வாங்குபவர் தலையில்தான் விழும். எங்களுக்கு மொத்தம் 1,000 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே ஆனது. அதனால்தான் பலர் பழைய அறிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அடுத்தவர் பணம் கொடுத்து எடுத்த அறிக்கையை நம்பி நீங்கள் வாங்கினால், அது தவறாக இருந்தாலும் அந்தச் சர்வேயரைக் கேள்வி கேட்பது பெரும்பாலும் முடியாது. அறிக்கையிலேயே அப்படி எழுதியிருப்பார்கள். அதோடு, விற்பனையில் இருக்கும் படகுக்குப் புது சர்வே ஒன்று இருக்கிறதென்றால் யாரோ வாங்க வந்து, எடுத்து, விலகிப் போயிருக்கிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அவர் ஏன் போனார்?

இரண்டாவது, எங்கள் பழைய படகை மாற்றாக எடுத்துக்கொள்கிறேன் என்றது. நல்ல விலை சொன்னார், நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். புதுப் படகின் விலையில் ஒரு பவுண்டு குறைக்க மாட்டேன் என்றதும் அங்கே ஏற்றிக் கொடுத்ததை இங்கே பிடித்துக்கொள்கிறார் என்று புரிந்தது. சரி, கணக்கு ஒன்றுதான் என்று விட்டோம். பழைய படகை அவர் மரினாவுக்குக் கொண்டுவந்து கட்டச் சொன்னார், மூரிங் (படகைக் கட்டிவைக்கும் இடம்) கட்டணம் இல்லை என்றார்.

சர்வேக்கு உட்பட்டது என்று எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு 10 சதவீதம் முன்பணம் கட்டினோம். தரகர் பரிந்துரைத்த சர்வேயரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த மரினாவோடு தொடர்பில்லாத ஒருவரைத் தேடிப் பிடித்தோம். இது ஒன்றுதான் எங்களைக் காப்பாற்றியது.

ட்ரைடாக்கில் தண்ணீர் வடிந்ததும் படகு கன்னங்கரேலென்று மின்னியது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று சுவருக்கு அவசரமாகச் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது அந்த பிளாக்கிங். சர்வேயர் இடம்விட்டு இடம் சுரண்டினார். பழைய பூச்சை எடுக்காமல், துருவைத் தேய்க்காமல், அதன்மேலேயே தார்ப்பூச்சை ஏற்றியிருந்தார்கள். பின்பக்கத்தில் நீர்மட்டத்தை ஒட்டிய பகுதியில் மீயொலிக் கருவி காட்டிய தடிமன் 4-ஐச் சுற்றியே இருந்தது, 6 இருக்க வேண்டிய இடத்தில். அதிலும் அரிப்புக் குழிகள். குழியின் ஆழத்தைக் கழித்தால் சில இடங்களில் 3 கூட மிஞ்சவில்லை. முழுக் காப்பீட்டுக்குப் பல நிறுவனங்கள் 4 மில்லிமீட்டர் வேண்டும் என்கின்றன. எஃகுக்குப் பதிலாகத் தாம் அரிபடும் மெக்னீசியம் ஆனோடுகள் கரைந்து வெறும் கம்பியாக நின்றன. கரை மின்சாரத்தில் ஆண்டுக்கணக்கில் செருகிக் கிடந்த படகில், அந்த இணைப்பு வழியாக அரிப்பு மின்னோட்டம் வராமல் தடுக்கும் கால்வானிக் ஐசோலேட்டர் இல்லை. அக்கம்பக்கப் படகுகளோடு சேர்ந்து மின்னோட்டம் இதன் எஃகைத் தின்றிருக்கலாம் என்றார் சர்வேயர்.

உள்ளேயும் பார்த்தார். கேபின் தரையின் பின்கோடியில் ஒரு சிறிய பலகையைத் தூக்கிப் பார்க்க வழி இருக்க வேண்டும், அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று தெரிய. இந்தப் படகில் அந்த இடத்தில் அழகான அலமாரி ஒன்றைத் திருகி வைத்திருந்தார்கள். கழற்ற அனுமதி கேட்டதற்குத் தரகர் மறுத்தார். குளியலறைத் தட்டு ஒழுகினால் அந்தத் தண்ணீர் பாரத்துக்கு வைத்த செங்கற்களுக்கிடையே தேங்கி, அடித்தகட்டை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். வெளியே எத்தனை முறை தார் பூசினாலும் அதற்குப் பதில் கிடையாது.

பழைய அறிக்கையைச் சர்வேயரிடம் காட்டினேன். ஒரு நிமிடம் புரட்டிவிட்டு, 8-ஆம் பக்கத்துக்கு அடுத்தது 11 என்றார். நடுவில் இரண்டு பக்கம் இல்லை. ஹல் அளவுகளின் பிற்பகுதியும் பரிந்துரைகளும் இருக்க வேண்டிய இடம் அது. தரகரைக் கேட்டோம். ஸ்கேன் செய்ததில் கோளாறு, தேடி அனுப்புகிறேன் என்றார். வரவேயில்லை.

அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று எங்களுக்குச் சொன்னது படகின் உரிமையாளர்தான். வயதானவர், ட்ரைடாக்குக்குத் தானே வந்திருந்தார். "பின்பக்கம் தகடு மேல் தகடு போடச் சொன்னார்களே, அதனால்தான் அந்தத் தம்பதி போய்விட்டார்கள். உங்களுக்குத் தெரியும்தானே?" என்று சாதாரணமாகக் கேட்டார். தரகர் எங்களிடம் எல்லாம் சொல்லியிருப்பார் என்று அவர் நினைத்திருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

தகடு மேல் தகடு வைத்து வெல்டு செய்யும் ஓவர்பிளேட்டிங் குற்றமல்ல. ஒழுங்காகச் செய்தால் படகு இன்னும் பல ஆண்டு ஓடும். ஆனால் செலவு ஆயிரக்கணக்கில் வரும், படகின் எடை கூடும், தண்ணீரில் கொஞ்சம் தாழ உட்காரும். துளைகளும் காற்றுவழிகளும் நீர்மட்டத்துக்கு அவ்வளவு அருகில் வரும். அதற்கேற்ற விலையில் கேட்டிருந்தால் யோசித்திருப்போம். விலையைக் குறைக்க மறுத்தார்கள், விலகினோம்.

அப்புறம்தான் பில் வந்தது. முன்பணத்தை உடனே தரவில்லை. "பெரும்பாலான இடங்களில் 4-க்கு மேல் இருக்கிறது, இது பெரிய குறை அல்ல" என்று வாதாடினார்கள். எங்கள் சர்வேயர் எழுத்தில் கொடுத்த பிறகு, நிர்வாகச் செலவு என்று 500 பவுண்டு பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு செலவே இல்லை. பழைய படகுக்கு வந்த நாளிலிருந்து தினக்கணக்கில் மூரிங் கட்டணம். விற்பனை முடிந்தால்தான் இலவசம் என்றார்கள். அதைக் கட்டாமல் படகை எடுக்க விடவில்லை. வேண்டுமானால் இங்கேயே விற்றுத் தருகிறோம் என்று புது விலை சொன்னார்கள், முன்பு சொன்னதில் கால்வாசி குறைவு.

சட்டத்தில் நாம் நிற்கும் இடம் பலவீனமானது. தரகர் மூலம் வாங்கினாலும் விற்பவர் தனிநபர் என்றால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி கடைக்காரரிடம் கேட்பது போல அவரிடம் பொருளின் தரத்தைக் கேட்க முடியாது. ஆனால் தரகரும் வியாபாரிதான், தெரிந்தே மறைத்தால் அது வேறு விஷயம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு வழியாக, வியாபாரிகளைக் கண்காணிக்கும் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் புகார் போயிருக்கிறது. 500 பவுண்டுக்கும் மூரிங் பணத்துக்கும் சிறுகோரிக்கை நீதிமன்றம் போகலாம், 10,000 பவுண்டு வரை அங்கே கேட்கலாம்.

இனி எங்களுக்குப் பார்வை மாறிவிட்டது. கட்டில், அடுப்பு, கழிவறை கேசட்டா (தூக்கிக் கொட்டும் பெட்டி) பம்ப்-அவுட்டா (உறிஞ்சி எடுக்கும் தொட்டி) என்பதெல்லாம் கடைசி. அவற்றை மாற்றிக்கொள்ளலாம். போட் சேஃப்டி சான்றிதழை நீட்டி "படகு பாஸ்" என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் அது எரிவாயு, மின்சாரம், எரிபொருள், தீ ஆபத்து பற்றியது. ஹல்லின் தடிமனை அது பார்ப்பதே இல்லை. படகின் எண் பலகையும் உரிமைப் பத்திரம் ஆகாது. கால்வாய்களை நிர்வகிக்கும் கனால் அண்ட் ரிவர் ட்ரஸ்டின் உரிமம் ஓட்டுவதற்கு மட்டும்தான், வாங்குபவருக்கு மாறவும் மாறாது. முதல் கட்டுநர் ரசீதிலிருந்து கைமாறிய விற்பனைச் சீட்டுகள் வரிசையாக இருக்கிறதா, கடன் ஏதும் பாக்கி உண்டா என்று கேளுங்கள். "மூரிங்கோடு விற்பனை" என்றால் மூரிங்கின் சொந்தக்காரரிடமே நேராகப் பேசுங்கள்.

விற்பதையும் வாங்குவதையும் ஒரே ஆளிடம் கட்டிப்போடாதீர்கள். எங்கள் 45 அடிப் படகை நாங்களே விளம்பரம் செய்து விற்றுவிட்டோம்; வாங்கியவர் தன் சர்வேயரோடு வந்தார், நாங்கள் எதையும் ஒளிக்கவில்லை, கொஞ்சம் பேரம் பேசிக் கொடுத்தோம். அந்தத் தரகர் சொன்ன இரண்டாம் விலையைவிடக் கூடுதலாகவே கிடைத்தது.

நாங்கள் விலகிய படகு மறுபடி விளம்பரத்தில் இருக்கிறது. "சர்வே அறிக்கை உண்டு" என்ற வரி அப்படியே. இப்போது ட்ரெண்ட் அண்ட் மெர்சி கால்வாய்ப் பக்கம் வேறொன்றைப் பார்த்திருக்கிறோம், உரிமையாளரே நேரில் விற்கிறார். உள்ளே கொஞ்சம் அழுக்கு, திரைச்சீலைகள் சகிக்கவில்லை. கேபின் தரையின் பின்கோடியில் மட்டும் தூக்கிப் பார்க்க ஒரு பலகை இருக்கிறது. அடியில் காய்ந்து கிடந்தது. அதே சர்வேயர்தான் அடுத்த வாரம் வருகிறார், ட்ரைடாக்குக்கும் நாள் குறித்தாயிற்று.