ஒரு விளம்பரம், மூன்று வழிகள்: ஊடகப் பாடத்தை எதிலிருந்து தொடங்குவது?

பள்ளியில் ஊடகத்தைப் பாடமாக நடத்துபவர்கள் மூன்று கட்சியாக நிற்கிறார்கள். படமும் ஒலியும் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பதுதான் தொடக்கம் என்பது ஒரு கட்சி. பார்ப்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று கேள் என்பது இன்னொன்று. யாரை எப்படிச் சித்தரிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதே முதல் கேள்வி என்பது மூன்றாவது. இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வின் ஊடகப் பாடத்தில் இந்த மூன்றோடு ஊடகத் தொழிலும் சேர்ந்து நான்கு பகுதிகள் உண்டு. அங்கே எல்லாவற்றையும் நடத்த நேரம் இருக்கிறது. இங்கே சிபிஎஸ்இ மேல்நிலையில் மாஸ் மீடியா ஸ்டடீஸ் எடுக்கும் பிள்ளைகளை விட்டால், மற்றவர்களுக்குத் தமிழ் வகுப்பிலோ ஆங்கில வகுப்பிலோ நாலு பீரியட் கிடைத்தாலே பெரிது. அதனால் எதை முதலில் வைப்பது என்பதை நாம் முடிவு செய்தே ஆக வேண்டும்.

மூன்றையும் ஒரே விளம்பரத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். 2000களின் தொடக்கத்தில் வந்த ஃபேர் அண்ட் லவ்லியின் ஏர் ஹோஸ்டஸ் விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். பணக் கஷ்டத்தில் இருக்கும் குடும்பம். மகன் ஒருவன் இருந்திருந்தால் என்று அப்பா ஏங்குகிறார். அது மகளின் காதில் விழுகிறது. கிரீம் பூசுகிறாள், நிறம் கூடுகிறது, விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது, குடும்பத்துக்கு நல்ல காலம் பிறக்கிறது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்துத் தேசிய மனித உரிமை ஆணையம் வரை போனது. 2003இல் விளம்பரம் நிறுத்தப்பட்டது.

பெரும்பாலான ஆசிரியர்களுக்குக் கை முதலில் போவது சித்தரிப்பில்தான். காரணம் புரிகிறது. அநியாயம் கண்ணெதிரே இருக்கிறது, அதைச் சொல்லாமல் எப்படி இருப்பது? கறுப்பு என்றால் குறை, மகள் என்றால் பாரம், இரண்டையும் ஒரே டியூபில் தீர்க்கலாம் என்று விளம்பரம் சொல்கிறது. பிள்ளைகளும் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பிரச்சினை அங்கேதான். ஐந்தே நிமிடத்தில் "இது தப்பு மிஸ், நிறத்தை வைத்து யாரையும் எடை போடக் கூடாது" என்று பதில் வந்துவிடும். அந்த வாக்கியத்தை எழுத விளம்பரத்தைப் பார்த்திருக்கவே வேண்டாம். ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்று கண்டுபிடிப்பதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நோட்டில் சமத்துவம் எழுதிவிட்டு, இடைவேளையில் பக்கத்து பெஞ்சுக்காரனைக் கரிச்சட்டி என்று கூப்பிடுவதும் அதே பிள்ளைதான்.

இன்னொன்றும் நடக்கும். நிறத்தைப் பற்றிப் பேச்சைத் தொடங்கியதும் வகுப்பில் நாலைந்து தலைகள் மெல்ல ஒரு பெண் பக்கம் திரும்பும். அவள் டெஸ்க்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்காகப் பேசுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் அவளையே காட்சிப்பொருளாக்கிவிடுகிறோம். சித்தரிப்பை முதல் பீரியடில் எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பனுவலிலிருந்து, அதாவது படமும் ஒலியும் கட்டப்பட்டிருக்கும் விதத்திலிருந்து தொடங்கினால் இந்தச் சங்கடம் இல்லை. பேச்சு ஆளைப் பற்றி வராது, கேமராவைப் பற்றி வரும். 1964இல் பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் ஒரு பிரெஞ்சு பாஸ்தா விளம்பரத்தை எடுத்து, வலைப்பையிலிருந்து வழியும் தக்காளியும் குடைமிளகாயும் இத்தாலியக் கொடியின் நிறங்களால் எப்படி 'இத்தாலி' என்ற உணர்வைக் கட்டுகின்றன என்று காட்டினார். அதே வேலையை நம் பிள்ளைகளும் செய்யலாம். இந்த வகை கிரீம் விளம்பரங்களில் 'முன்', 'பின்' என்று வரும் இரண்டு முகங்களை அருகருகே நிறுத்தி, தோல் நிறத்தைத் தவிர வேறு என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். முன் முகத்தில் தலை குனிந்திருக்கும், வெளிச்சம் மங்கல், உடை சாயம் போனது, தலைமுடி படிய வாரியது. பின் முகத்தில் நிமிர்ந்த கழுத்து, நேர்ப்பார்வை, சிரிப்பு, பின்னாலிருந்து விளக்கு, பின்னணி இசையும் வேறு. கிரீம் செய்ததாகச் சொல்வதில் பாதியைச் செய்தவர் லைட்மேன் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்போது வகுப்பின் சத்தமே மாறிவிடும். ஃபேர் அண்ட் லவ்லி பெட்டியில் இருந்த முன்-பின் முகங்களையும் நிற அளவுகோலையும் நிறுவனம் 2019இல் எடுத்துவிட்டது. பழைய பெட்டி, புதிய பெட்டி இரண்டின் படத்தையும் ஒட்டி வைத்தாலே ஒரு பீரியடுக்கான வேலை.

பனுவல் வழிக்கும் ஒரு குறை உண்டு. பிள்ளை புதிர் அவிழ்ப்பதில் தேறிவிடும். அர்த்தம் முழுக்கப் படத்துக்குள்ளேயே இருக்கிறது, சரியாகத் தோண்டினால் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்ளும். சிவப்பு என்றால் ஆபத்து, மேலிருந்து எடுத்த ஷாட் என்றால் பலவீனம் என்று வாய்ப்பாடு போட்டு எழுதிய விடைத்தாள்களைத் திருத்தியவர்களுக்கு இது தெரியும்.

பார்வையாளர் வழிக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பது இதனால்தான். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் சொன்னது எளிமையானது. அனுப்புபவர் ஓர் அர்த்தத்தை வைத்து அனுப்புகிறார். பெறுபவர் அதை அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசலாம், எதிர்த்தும் வாசிக்கலாம். ஜமைக்காவில் பிறந்த ஹால் தன் குடும்பத்திலேயே நிறம் குறைந்தவர். தொட்டிலில் இருந்த அவரைப் பார்த்து அக்கா, இந்தக் கூலிக் குழந்தையை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அங்கே அந்தச் சொல் இந்தியத் தொழிலாளர்களைக் குறித்தது. இந்த விவரத்தைச் சொன்னால் கோட்பாடு நம் பிள்ளைகளுக்குத் தூரமாக இருக்காது. ஹாலின் கருத்தை ஊடக ஆய்வாளர் டேவிட் மார்லி சோதித்துப் பார்த்தார். பிபிசியின் ஒரு நிகழ்ச்சியை 29 குழுக்களுக்குப் போட்டுக் காட்டி, 1980இல் முடிவை வெளியிட்டார். தொழிற்சங்கத்தினரில் ஒரு பகுதியினர் எதிர்த்து வாசித்தார்கள். கறுப்பின மாணவர்கள் எதிர்க்கக்கூட இல்லை, இதற்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒதுங்கிவிட்டார்கள். ஹாலின் மூன்று கட்டங்களுக்குள் அடங்காத பதில் அது.

பள்ளியில் இதைச் செய்யப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தன்னைவிட வயதில் மூத்த ஒருவருக்கு விளம்பரத்தைச் செல்போனில் காட்டி, அவர் முதலில் சொல்வதை அப்படியே எழுதிவரட்டும். கிரீம் பூசுகிறீர்களா என்று யாரையும் கேட்கக் கூடாது. அது வீட்டு விஷயம். வரும் பதில்களை எந்தக் கட்டத்தில் போடுவது என்று வகுப்பு திணறும். ஒரு பாட்டி நிறத்தைக் கண்டுகொள்ளாமல், பெண் சம்பாதித்துக் குடும்பத்தைத் தூக்கிவிட்டாளே என்று மகிழ்ந்தால் அது ஏற்பா, பேரமா? அந்தத் திணறல்தான் பாடம். விளம்பரம் யாரைக் குறிவைக்கிறது, உண்மையில் யார் வாங்குகிறார்கள் என்ற இடைவெளியும் இங்கேதான் தெரியவரும். பெண்களின் கிரீமை ஆண்களும் பூசுவதைக் கவனித்து, 2005இல் இமாமி ஆண்களுக்கென்றே ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் கொண்டுவந்தது.

சரி, சித்தரிப்பு எப்போது? கடைசி பீரியடில், கையில் ஆதாரத்தோடு. அப்போது பேச நிறைய இருக்கும். சென்னையின் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2014இல் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், நிறம் குறைந்தவர்களை மகிழ்ச்சியற்றவர்களாகவோ தோற்றவர்களாகவோ காட்டக் கூடாது என்று விதி போட்டது. 2020 ஜூலையில் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயர் மாறிய பிறகு வந்த விளம்பரத்தையும் பழையதையும் வைத்து, ஒளியமைப்பில் எது மாறியது, எது மாறவில்லை என்று பிள்ளைகளால் இப்போது சொல்ல முடியும். முதல் நாளே கேட்டிருந்தால் "மாறிவிட்டது, நல்லது" என்றுதான் எழுதியிருப்பார்கள்.

ஆக, என் கணக்கு: பனுவலுக்கு ஒரு பீரியட், பார்வையாளருக்கு இரண்டு, சித்தரிப்புக்கு ஒன்று. ஒரே பீரியடுதான் கிடைக்கும் என்றால் இரண்டு முகங்களை அருகருகே வைக்கும் வேலையை மட்டும் செய்யுங்கள். தேர்வில் "இந்த விளம்பரம் பெண்களை எவ்வாறு இழிவுபடுத்துகிறது?" என்று கேட்காதீர்கள். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. "இதை இருவர் வேறுவேறாகப் புரிந்துகொள்ள எந்தக் காட்சி இடம் கொடுக்கிறது?" என்று கேளுங்கள். காட்சியைக் குறிப்பிட்டு எழுதிய பிள்ளைக்கு, முடிவு நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும், முழு மதிப்பெண் கொடுங்கள்.