வெள்ளைத் தௌஹுவா, தௌகுவாவா? புதிதாகச் சமைப்பவர்களுக்கு

மலேசியாவின் பினாங்கு ஆயர் ஈத்தாம் பசாரில் தௌஹு, அதாவது டோஃபு, விற்கும் சீன ஆன்ட்டி, நாம் எதைக் கை காட்டினாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கோரேங்கா, சூப்பா?" பொரிக்கவா, சூப்புக்கா என்று. ரொம்ப நாள் அந்தக் கேள்வியை நான் சட்டை செய்யவில்லை. எல்லாம் சோயா, எல்லாம் வெள்ளை, இதில் என்ன பெரிய வித்தியாசம்? அதற்கான பலனை ஒரு வெள்ளிக்கிழமை அனுபவித்தேன். மெதுமெதுவென்ற வெள்ளைத் தௌஹுவை வாங்கி வந்து நேராகச் சம்பாலில், அதாவது அரைத்த மிளகாய் மசாலாவில், போட்டுக் கிளறினேன். கொஞ்ச நேரத்தில் துண்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை, குவாலி (வாணலி) நிறையச் சிவப்புக் கஞ்சி. மாமியார் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "சட்னி நல்லாத்தாம்மா இருக்கு" என்றார்.

வெள்ளைத் தௌஹு, தௌகுவா இரண்டும் சோயாப்பாலைத் திரிய வைத்துச் செய்பவைதான். ஜிப்சம் போன்ற உப்பு ஒன்றைச் சேர்த்தால் பால் திரியும். திரிந்ததைத் துணியில் கட்டி எவ்வளவு அழுத்துகிறார்களோ அவ்வளவு தண்ணீர் போகும். வீட்டில் பனீர் செய்தவர்களுக்கு இது பழகிய கதை. அதிகம் அழுத்தினால் தௌகுவா. தட்டையாக, கையில் எடுத்தால் கெட்டியாக இருக்கும், சில கடைகளில் மேலே மஞ்சள் பூசியும் விற்பார்கள். குறைவாக அழுத்தினால் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தௌஹு. பிளாஸ்டிக் பெட்டியில் வருவது இன்னும் மென்மை. அதை அழுத்துவதே இல்லை, பெட்டிக்குள்ளேயே உறைய வைக்கிறார்கள்.

முதல் தடவை சமைப்பவருக்கு என் ஓட்டு தௌகுவாவுக்குத்தான். கத்தி பட்டால் உடையாது, கரண்டி பட்டால் கரையாது, மறதியாக இரண்டு நிமிடம் கூடுதலாக வதக்கினாலும் மன்னித்துவிடும். மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) மீ கோரேங்கில், அதாவது பிரட்டிய நூடுல்ஸில், கடிபடும் அந்தத் துண்டு மாதிரி வேண்டுமென்றால் இதுதான் வழி. குறை என்னவென்றால், உள்ளே சுவை இறங்காது. மசாலா வெளியே நிற்கும், நடுவில் சப்பென்று இருக்கும்.

இதற்கு இரண்டு வைத்தியம் சொல்வார்கள். ஒன்று, துணியில் சுற்றி மேலே கனமான சட்டி வைத்து அரை மணி நேரம் அழுத்துவது. இன்னொன்று, துண்டு போட்டு, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வைப்பது. ஏற்கெனவே அழுத்தி வந்த தௌகுவாவை நாம் இன்னொரு முறை அழுத்துவதில் பெரிய லாபம் எனக்குத் தெரியவில்லை. உப்புத் தண்ணீர்தான் சரி. தண்ணீர் எடுக்க வேண்டிய பொருளைத் தண்ணீரிலேயே போடுவதா என்று தோன்றும். ஆனால் சூட்டில் மேற்பரப்பு இறுகும், உப்பும் ஏறும். வடித்து, துணியால் நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு எண்ணெயில் போடுங்கள். ஈரம் இருந்தால் தெறிக்கும், கை ஜாக்கிரதை.

குவாலி நன்றாகக் காய்ந்த பிறகுதான் போட வேண்டும். போட்டதும் கிளறக் கூடாது, இங்கேதான் எல்லாருக்கும் கை அரிக்கும். அடிப்பக்கம் பொன்னிறமானால் தானாகவே விட்டுக்கொடுக்கும், அப்புறம் திருப்பலாம். சோள மாவு தூவினால் மொறுமொறுப்பு கூடும்தான், ஆனால் சம்பாலில் போட்டால் அந்த மாவு நமத்துவிடும். சும்மா கொறிக்க மட்டும் மாவு.

அப்படியானால் வெள்ளைத் தௌஹு வேண்டாமா? சூப்புக்கும் ஆவிக்கும் அதை அடிக்க ஆளில்லை. தட்டில் வைத்து ஏழெட்டு நிமிடம் ஆவி காட்டி, தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, கிச்சாப்பும் (சோயா சாஸ்) பொரித்த சின்ன வெங்காயமும் மேலே போட்டால் போதும். சூப்பில் கடைசியில் போட்டு, கரண்டிக்குப் பதில் சட்டியை ஆட்டுங்கள்.

குழம்புக்கு மட்டும் நான் இரண்டையும் விட்டுவிட்டு தௌபோக், அதாவது உப்பலாகப் பொரித்த டோஃபு, பக்கம் போய்விடுவேன். ஏற்கெனவே பொரித்து உள்ளே கூடாக இருப்பதால் குழம்பைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெந்நீர் ஊற்றிப் பழைய எண்ணெயைக் கழுவிவிட்டுப் போடுங்கள். தௌகுவாவையே ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து எடுத்தாலும் கிட்டத்தட்ட இந்தக் குணம் வரும். பனி உருகிய இடமெல்லாம் ஓட்டையாகிப் பஞ்சு போல இருக்கும். பிழிந்துவிட்டுப் போட வேண்டும். உறைந்திருக்கும்போது நிறம் மஞ்சளாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள்.

குழாய் மாதிரி பிளாஸ்டிக்கில் வரும் முட்டை டோஃபு பொரித்தால் அருமை. ஆனால் புரட்டாசி விரதத்தில் அதைத் தெரியாமல் வாங்கி வருபவர்கள் உண்டு. பொட்டலத்தில் 'தெலூர்' (மலாயில் முட்டை) என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விரதம் இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது.

மிச்சத்தைத் தண்ணீரில் மூழ்க வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். வழவழப்போ புளித்த வாடையோ வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். நம் ஊர் வெயிலில் பசாரைச் சுற்றுவதாக இருந்தால் கீரை, மீன் எல்லாம் முடித்துவிட்டு, ஆன்ட்டியிடம் கடைசியாகப் போங்கள்.