நியூட்டன்கிரேஞ்சா, நியூ கம்னாக்கா?

ஸ்காட்லாந்தில் பழைய நிலக்கரி ஊர் ஒன்றில் வீடு பார்ப்பவர்களுக்கு.

விலை: நியூ கம்னாக் நல்ல மலிவு. நியூட்டன்கிரேஞ்சில் எடின்பரோ விலை எட்டிப் பார்க்கிறது.

ரயில்: நியூட்டன்கிரேஞ்சுக்கு 2015இல் பார்டர்ஸ் பாதை வந்தது, எடின்பரோ அரை மணிக்குள். நியூ கம்னாக்கில் நிலையம் 1991இல் மறுபடி திறந்தது, ஆனால் வண்டி குறைவு, கிளாஸ்கோ ஒரு மணிக்கு மேல்.

மக்கள்: இங்கேதான் பெரிய வித்தியாசம். நியூட்டன்கிரேஞ்சில் 1981இல் மூடிய லேடி விக்டோரியா நிலக்கரிச் சுரங்கம் இப்போது தேசிய சுரங்க அருங்காட்சியகம், முதல் தெரு, இரண்டாம் தெரு என்று எண் போட்ட தொழிலாளர் வீடுகள் அப்படியே நிற்க, சுற்றிலும் புது வீடுகள் முளைத்து, காலையில் ஊரே எடின்பரோவுக்கு ரயிலேறுகிறது. நியூ கம்னாக்கில் ஆள் குறைந்துவிட்டது, ஆனால் 1950 நாக்‌ஷினாக் சுரங்க விபத்தை (129 பேர் சிக்கி, 116 பேர் மீண்டார்கள், 13 பேர் இறந்துவிட்டார்கள்) ஊர் மறக்கவில்லை. அப்புறம், அங்கே திறந்தவெளி நீச்சல் குளம்கூட உண்டு, அந்தக் குளிரில்!

தினமும் எடின்பரோ வேலை என்றால் நியூட்டன்கிரேஞ்ச். வீட்டிலிருந்தே வேலை, கையில் பணம் குறைவு, மலை பார்த்துக் கிடந்தால் போதும் என்றால் நியூ கம்னாக். கார் மட்டும் கட்டாயம்.