நூறு வருடத்து ஜப்பான் ஜாடி என்று சொல்லி 14,500 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள்

பார்சல் வந்து நான்கு நாள் ஆகிறது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பழைய பீங்கான் சாமான் சேர்க்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

பழைய பொருள் விற்கும் ஆன்லைன் தளம் ஒன்றில் மூடி போட்ட மூன்று ஜாடிகளைப் பார்த்தேன். செட்டிநாட்டு வீட்டுச் சீர் சாமான், 1910 வாக்கில் வந்தது, பூ வேலையெல்லாம் கையால் வரைந்தது என்று போட்டிருந்தார்கள். அம்மாவின் ஊறுகாய் ஜாடி உடைந்து இரண்டு வருடமாகிறது. அந்த இடத்தில் இதை வைக்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

விற்றவர் வீடியோ காலில் வந்தார். ஜாடியைச் சுண்டி ஓசை கேட்க வைத்தார். கவிழ்த்து அடிமுத்திரையைக் காட்டினார். பச்சையில் இலை வளையம், நடுவே ‘எம்’ எழுத்து, கீழே ‘நிப்பான்’ (ஜப்பானை அவர்கள் மொழியில் சொல்லும் பெயர்). “அக்கா, இந்த ஜாடியைப் பிரிய எனக்கே மனசில்லை, உங்க அம்மாவுக்குன்னு சொன்னதால தர்றேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டேன். தளம் கமிஷன் பிடிக்கும், நேராக ஜிபே செய்தால் 1,500 குறைக்கிறேன் என்றார். 16,000 சொன்னது 14,500 ஆனது. அனுப்பிவிட்டேன்.

பார்சல் பிரித்ததும் முதலில் உறுத்தியது அடிவளையம், அதாவது ஜாடி தரையில் உட்காரும் விளிம்பு. நூறு வருடம் அலமாரியில் ஏறி இறங்கிய ஜாடிக்கு அந்த இடம் தேய்ந்து, வழவழத்து, அழுக்கேறி இருக்க வேண்டும். இது வெள்ளை வெளேரென்று, விரலில் சொரசொரத்தது. பூவைப் போன் கேமராவில் பெரிதாக்கினேன். இதழ் முழுக்க அச்சுப் புள்ளிகள். மூன்று ஜாடியிலும் ஒரே பூ, ஒரே வளைவு, மயிரிழை வித்தியாசம் இல்லை. கையால் வரைந்தால் அப்படி வருமா? பழசு போலக் காட்டிய பழுப்புக் கறை சோடா உப்பில் போய்விட்டது. கடைசியில் நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு முத்திரையைத் துடைத்தேன். பச்சையாகப் பஞ்சில் வந்துவிட்டது. சூளையில் சுட்ட முத்திரை அப்படிக் கரையாது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890-ல் அமெரிக்கா சட்டம் போட்டது. அதற்காக ஜப்பான்காரர்கள் ‘நிப்பான்’ என்று குத்தினார்கள். 1921-ல் அந்தப் பெயர் கூடாது, ‘ஜப்பான்’ என்றே போடு என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. ஆக இது அமெரிக்கச் சந்தைக்குப் போன சரக்கின் முத்திரை. செட்டிநாட்டுச் சீரில் எப்படி வந்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அதே ‘எம்’ முத்திரையைப் புதுப் பீங்கானில் போட்டு விற்பதும் ரொம்ப நாளாக நடக்கிறதாம்.

விற்றவரிடம் கேட்டதற்கு முதல் நாள் “பார்க்கிறேன் அக்கா” என்றார். மறுநாள் ஓனர் வெளியூர் போயிருக்கிறார் என்றார். அதுவரை ஓனர் என்று ஒருவர் இருப்பதாகவே சொல்லவில்லை! மூன்றாம் நாள், பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது, நீங்கள் துடைத்ததால்தான் முத்திரை போனது என்று என் மேலேயே பழி. இப்போது பிளாக் செய்துவிட்டார். தளத்துக்கு எழுதினால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் பதில். 14,500 ரூபாய். என் இரண்டு மாதச் சேமிப்பு அது. சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

விலை மதிப்பது பற்றியும் விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், அடிவளையத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர் கேட்கிற விலையைப் பார்க்காமல், அதே மாதிரிப் பொருள் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று தேடுங்கள். மூடி அந்த ஜாடியோடு வந்ததுதானா, விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், விலை அதில்தான் விழும். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள், நான் எடுக்கவில்லை. இந்தப் பூ போட்ட மூன்று ஜாடி செட்டை வேறு யாராவது வாங்கியிருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.